ஆபத்துக் காலத்தில் எந்த வண்டி?



இன்றைய சரித்திரப் பேச்சை ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஊரை விட்டு உடனே வெளியேற வேண்டிய ஆபத்து வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை எதுவரை நன்றாக இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. பாலம் இருக்கிறதா, இடிந்துவிட்டதா என்பதும் தெரியாது. உங்கள் முன்னால் ஒரு மோட்டார் கார், ஒரு லோரி, ஒரு ஜீப், ஒரு மாட்டு வண்டி, ஒரு சைக்கிள், ஒரு யானை ஆகியவை நிற்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

பிள்ளைகளைக் கேட்டால் ஜீப் என்பார்கள். பெரியவர்களைக் கேட்டால் லோரி என்பார்கள்; குடும்பம் முழுவதும் ஏறலாம், அரிசி மூட்டையையும் ஏற்றலாம் அல்லவா? யானை என்று சொல்பவர் அரிது. சைக்கிள் என்று சொன்னால் பக்கத்திலிருப்பவர் சிரிப்பார்.

இது பொழுதுபோக்குக்காகக் கேட்ட விடுகதை அன்று. 1941ஆம் ஆண்டு டிசம்பர் முதல் 1942ஆம் ஆண்டு நடுப்பகுதி வரை, மலாயாவிலும் பர்மாவிலும் இலட்சக்கணக்கான மக்கள் இந்தக் கேள்விக்கு நேரில் விடை தேட வேண்டியிருந்தது. சரியான விடை கண்டவர்கள் பிழைத்தார்கள். பலருக்கோ தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. அந்த ஆறு மாதச் சரித்திரம் நமக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலில் நம் நாட்டுக் கதை. 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 ஜனவரி 31ஆம் தேதி பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் போய்விட்டது. 55 நாட்களில் ஜப்பானியர் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் முன்னேறினார்கள். அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக 20 கிலோமீட்டர். வழியெல்லாம் சண்டை, வழியெல்லாம் உடைக்கப்பட்ட பாலங்கள். இவ்வளவையும் தாண்டி இந்த வேகம் எப்படி வந்தது?

அதற்குக் காரணங்கள் பல. விமானங்கள் இருந்தன, டாங்கிகள் இருந்தன. ஆனாலும் நம் பெரியவர்கள் கண்ணால் கண்டு சொல்லும் காரணம் ஒன்று உண்டு. அதுதான் சைக்கிள். அந்தப் படையின் போர்த்திட்ட அதிகாரிகளில் ஒருவர் கர்னல் சூஜி மசனோபு. சிங்கப்பூரில் சீன மக்களைக் கொன்று குவித்த கொடுமையில் பெரும் பங்கு கொண்டவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர் அவர். போருக்குப் பின் அவர் எழுதிய நூலில், ஒவ்வொரு டிவிஷனுக்கும் சுமார் 500 மோட்டார் வண்டிகளும் 6,000 சைக்கிள்களும் இருந்தன என்று குறித்திருக்கிறார். ஒரு மோட்டார் வண்டிக்குப் பன்னிரண்டு சைக்கிள்!

ஏன் சைக்கிள்? மலாயாவில் வெள்ளையர்கள் ரப்பருக்காகவும் ஈயத்துக்காகவும் நல்ல தார்ச்சாலைகள் போட்டிருந்தார்கள். அந்தச் சாலையில் சைக்கிள் வேகமாகப் போகும். சாலையில் எதிரி வழிமறித்தால், பக்கத்திலுள்ள ரப்பர் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் திரும்பிவிடும். நம்மவர்கள் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்த அதே பாதைதான். பாலம் உடைந்திருந்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கி நடந்துவிடலாம். லோரியை யார் தோளில் தூக்க முடியும்? மேலும் சைக்கிளுக்கு எண்ணெய் தேவையில்லை. போருக்கு முன் மலாயாவில் ஜப்பான் சைக்கிள்கள் ஏராளமாக விற்பனையாகியிருந்தன. ஆகவே உதிரிச் சாமான்கள் பட்டணந்தோறும் கிடைத்தன. படையில் ஒவ்வொரு கம்பெனியோடும் சைக்கிள் பழுது பார்ப்பவர்கள் கூடவே வந்தார்கள். வெயிலில் டயர் வெடித்து, ஒட்டுப்போட நேரமில்லாதபோது, டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள். இரவு நேரத்தில் தார்ச்சாலையில் அந்த இரும்பு உராயும் ஓசையைக் கேட்டவர்கள் டாங்கிகள் வருகின்றன என்று எண்ணியதும் உண்டு.

நேயர்களே, இதை அந்தப் படையின் வெற்றியைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. அந்தப் படை வந்த பிறகுதான் நம் தோட்டத்து மக்கள் ஆயிரமாயிரமாகச் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தத் துயரம் இன்னும் நம் குடும்பங்களில் பேசப்படுகிறது. நான் சொல்ல வருவது வண்டியைப் பற்றி மட்டுமே.

மறுபக்கத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் தரப்பில் லோரிகளுக்குக் குறைவில்லை. ஆனால் லோரிகள் பெருஞ்சாலையை விட்டு இறங்க முடியாதவை. ஆகவே படை முழுவதும் ஒரே சாலையைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கியது. அந்தச் சாலையை ஓரிடத்தில் எதிரி அடைத்துவிட்டால் பின்னால் வரும் வண்டிகளெல்லாம் நின்றுவிடும். 1942 ஜனவரி 7ஆம் தேதி சிலிம் ரிவரில் நடந்தது இதுதான். துரோலாக் பக்கத்திலிருந்து சில மணி நேரத்தில் ஜப்பானிய டாங்கிகள் அணிகளைப் பிளந்துகொண்டு பாலத்தைப் பிடித்துவிட்டன. பாலத்துக்கு அப்பால் அகப்பட்டுக்கொண்ட வண்டிகளும் பீரங்கிகளும் அப்படியே எதிரியின் கைக்குப் போயின. காட்டுக்குள் இறங்கி நடந்தவர்களில் சிலரே மீண்டும் தங்கள் படையோடு சேர்ந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஜொகூரில் பாரிட் சூலோங் என்ற இடத்தில் இன்னும் துயரமான ஒரு பாடம் நிகழ்ந்தது. மூவாரிலிருந்து பின்வாங்கி வந்த ஆஸ்திரேலியப் படையினரும் இந்தியப் படையினரும் அங்குள்ள பாலத்தை அடைந்தபோது, பாலம் எதிரியின் கையில் இருந்தது. முன்னாலும் எதிரி, பின்னாலும் எதிரி. இரு பக்கமும் சதுப்பு. லோரிகள் நிறையக் காயம்பட்டவர்கள். 1942 ஜனவரி 22ஆம் தேதி, படைத்தலைவர் ஆண்டர்சன் பீரங்கிகளையும் வண்டிகளையும் உடைத்துவிட்டு, நடக்கக்கூடியவர்கள் சதுப்பு வழியாகவும் காட்டு வழியாகவும் தப்பும்படி ஆணையிட்டார். நடந்தவர்களில் பல நூறு பேர் யோங் பெங் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். நடக்க முடியாமல் வண்டிகளோடு விடப்பட்ட காயம்பட்டவர்கள் ஏறத்தாழ 150 பேர். ஜப்பானியப் படையினர் அவர்களைக் கொன்றுவிட்டார்கள். அவர்களில் ஆஸ்திரேலியரும் இருந்தார்கள்; இந்தியரும் இருந்தார்கள்.

இதிலிருந்து முதல் பாடம் தெளிவாகிறது. வண்டி எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமானது என்பது முதல் கேள்வி அல்ல. சாலை முடிந்துபோனால் அந்த வண்டி என்ன செய்யும் என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி ஒன்றும் உண்டு. வண்டியில் யாருக்கு இடம்? இந்தக் கேள்விக்குப் பினாங்கு விடை சொல்கிறது. 1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜார்ஜ் டவுனில் குண்டுகள் விழுந்தன. ஏராளமானோர் மாண்டார்கள். அடுத்த சில நாட்களில் தீவிலிருந்த ஐரோப்பியர்கள் சத்தமில்லாமல் படகிலும் இரயிலிலும் தெற்கே அனுப்பப்பட்டார்கள். 17ஆம் தேதி பொழுது விடிந்தபோது, ஆள்பவர்கள் போய்விட்டார்கள் என்பதை உள்ளூர் மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் உணர்ந்தார்கள். அப்போது ஊரைப் பாதுகாக்க முன்வந்தவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்த, இலங்கையில் பிறந்த சரவணமுத்து அவர்கள்தான் அவர். கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, இனிக் குண்டு போட வேண்டாம் என்று உணர்த்தியவரும் அவரே. எல்லா இனத்தவரும் சேர்ந்த ஒரு சேவைக் குழு அரிசி வழங்கவும் ஒழுங்கு காக்கவும் பாடுபட்டது. ஓட வண்டி கிடைக்காதவர்கள், இருந்த இடத்திலேயே ஒருவரையொருவர் காத்துக்கொண்ட வரலாறு இது.

இனி, பர்மாவுக்குப் போவோம். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப்போன கதையை அங்கேதான் முழுமையாகக் காண்கிறோம்.

1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி பர்மாவில் வாழ்ந்த இந்தியர்கள் 10 இலட்சத்துக்கும் அதிகம். இரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்களே. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலைகளில் உழைத்தவர்கள், வயலில் கதிர் அறுத்தவர்கள், வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்கள், குமாஸ்தாக்கள் எனப் பலதரப்பட்ட மக்கள். தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர்கள் மலாயாவுக்குக் கப்பலேறிய அதே காலத்தில், அவர்களின் பங்காளிகளும் ஊர்க்காரர்களும் இரங்கூனுக்குக் கப்பலேறினார்கள்.

1941 டிசம்பர் 23ஆம் தேதி இரங்கூனில் முதல் குண்டு விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கடல் வழியாகச் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போனார்கள். 1942 மார்ச் 8ஆம் தேதி இரங்கூன் வீழ்ந்தது. அதோடு கடல்வழி அடைபட்டது. மிஞ்சியவர்களுக்கு இருந்தவை மலைவழிகள் மட்டுமே. தெற்கே புரோம் நகரத்திலிருந்து தாவுங்குப் கணவாய் வழியாக அக்யாப் கடற்கரைக்கு ஒரு வழி. நடுவில் சிந்துவின் ஆற்றைக் கடந்து, தமு வழியாக மணிப்பூரின் இம்பாலுக்கு ஒரு வழி. வடக்கே ஹுகாவுங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமின் லெடோவுக்கு ஒரு வழி.

இந்த நடு வழியை மனத்தில் வரைந்து பாருங்கள். மண்டலே வரை இரயில் உண்டு, கார் உண்டு. மோனிவா என்ற ஊரிலிருந்து கலேவா வரை ஆற்றில் நீராவிப் படகு. கலேவாவுக்கு அப்பால் கபாவ் பள்ளத்தாக்கு; மலேரியாவுக்குப் பெயர்போன இடம். அங்கே மாட்டு வண்டி ஓரளவு போகும். தமுவுக்கு அப்பால் செங்குத்தான மலை. தொடக்கத்தில் அங்கே வண்டிப் பாதையே சரியாக இல்லை. ஆகவே காரில் வந்தவர் காரை விட்டார். படகில் வந்தவர் படகை விட்டார். மாட்டு வண்டியில் வந்தவர் வண்டியை விட்டார். கடைசியில் எல்லோருக்கும் மிஞ்சியது இரண்டு கால்கள். தமுவிலிருந்து இம்பால் 100 கிலோமீட்டருக்கும் அதிகம். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, கையில் தண்ணீர்ச் செம்பு. வாந்திபேதியும் மலேரியாவும் கூடவே நடந்தன.

இங்கேயும் இடம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. வெள்ளையர்களுக்கு வாகனமும் வசதியான பாதையும், இந்தியர்களுக்குக் கடினமான பாதையும் ஒதுக்கப்பட்டன என்று இந்தியத் தலைவர்கள் அன்றே வன்மையாகக் குற்றம் சாட்டினார்கள். வெள்ளை வழி, கறுப்பு வழி என்ற பேச்சு இந்தியா முழுவதும் பரவியது. ஏறத்தாழ 4 இலட்சம் முதல் 5 இலட்சம் பேர் எப்படியோ இந்தியாவை அடைந்தார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். பெயர் எழுதி வைக்க யாருமில்லாததால், சரியான எண்ணிக்கை எந்த ஏட்டிலும் இல்லை.

அதிகாரமும் வாகனமும் நிறைய இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? அமெரிக்கத் தளபதி ஜோசப் ஸ்டில்வெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அவருக்கு வயது 59. 1942 மே மாதத் தொடக்கத்தில் லோரி, ஜீப், கார் என்று ஒரு வண்டி வரிசையோடு அவர் வடபர்மாவில் புறப்பட்டார். முதலில் மணலிலும் ஓடையிலும் சிக்கித் திணறியவை சொகுசுக் கார்கள். அடுத்து லோரிகள் நின்றன. ஜீப்புகள் சற்றுத் தூரம் சாமான் சுமந்தன. பாதை ஒற்றையடியானதும் அவையும் நின்றன. கனமான வானொலிக் கருவியைக்கூட உடைத்துப் போட்டுவிட்டார்கள்.

பிறகு ஸ்டில்வெல் என்ன செய்தார்? 100க்கும் மேற்பட்ட அந்தக் கூட்டத்தை வரிசையாக நிற்க வைத்தார். அதில் அமெரிக்கரும் ஆங்கிலேயரும் சீனரும் இருந்தார்கள். பர்மியத் தாதியரும் இருந்தார்கள். உணவையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பங்கிட்டார். நிமிடத்துக்கு 105 அடி என்று கணக்கு வைத்து, தாமே முன்னால் நடந்தார். சுமைக்குக் கோவேறு கழுதைகளும் கூலியாட்களும் கிடைத்தார்கள். உயூ ஆற்றில் மூங்கில் தெப்பம் கட்டி மிதந்து போனார்கள். சிந்துவின் ஆற்றைக் கடந்து, மலையேறி, மே 20ஆம் தேதி இம்பாலை அடைந்தார்கள். கூட்டத்தில் ஒருவர்கூட வழியில் மாளவில்லை. அவர்களைக் காப்பாற்றியவை முறையான நடை, உணவுப் பங்கீடு, நேரத்தோடு எடுத்த முடிவு ஆகியவைதாம். மழைக்காலம் அப்போதுதான் தொடங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தால் ஆறுகள் வழிவிட்டிருக்க மாட்டா.

அதே மாதம் 10ஆம் தேதி, சிந்துவின் ஆற்றின் கரையில் ஷ்வேஜின் என்ற இடத்தில், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை தன் டாங்கிகளையும் பெரும்பாலான வண்டிகளையும் தன் கையாலேயே அழித்தது. ஆற்றைக் கடக்கப் போதிய படகுகள் இல்லை. அக்கரை சேர்ந்த டாங்கி ஒன்றே ஒன்று. எஃகுக் கவசமும் பெரிய இயந்திரமும் இருந்தும், ஓர் ஆறு குறுக்கே வந்தவுடன் எல்லாம் இரும்புக் குப்பையாகிவிட்டது.

நேயர்களே, இந்தக் கதையில் தோட்டத் தொழிலாளர்களின் பங்கும் பெரிது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் சோட்டா நாகபுரி, ஒரிசா போன்ற இடங்களிலிருந்து ஆள்கட்டி அழைத்து வரப்பட்ட ஏழை மக்கள். 1942இல் அகதிகள் வந்த பாதைகளைச் சீராக்கவும், வழியில் கொட்டகைகள் போடவும், கஞ்சி காய்ச்சவும், சாமான் சுமக்கவும் இந்தியத் தேயிலைச் சங்கத்தின் வழியாகத் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அனுப்பப்பட்டார்கள். மண்வெட்டியும் கூடையும் கொண்டு மலையில் பாதை வெட்டினார்கள். பலருக்கு மலேரியா வந்தது; சிலர் திரும்பவேயில்லை. நடந்து வந்த அகதிக்கு, வழியில் ஒரு கொட்டகையும் ஒரு குவளைச் சூடான தேநீரும் கிடைத்தன என்றால், அதற்குப் பின்னால் அந்தக் கைகள் இருந்தன. நம்மைப் போலவே பிரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்து வேலைக்குப் போனவர்கள் அவர்கள். வரலாற்றுப் புத்தகத்தில் தளபதிகளின் பெயர் இருக்கிறது. இவர்களின் பெயர் இல்லை.

வடக்கு வழி இன்னும் கொடியது. 1942 மே 8ஆம் தேதி மிச்சினா நகரம் வீழ்ந்ததும் விமான வழியும் அடைபட்டது. மோட்டார் சாலை முடிந்த இடத்தில் கார்களை விட்டுவிட்டு மக்கள் நடந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் அளவு சேறு, அட்டைகள், பெருகி ஓடும் காட்டாறுகள். இன்னும் வடக்கே சௌகான் கணவாய் வழியாக வந்தவர்கள் டாபா ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டார்கள். பட்டினி கிடந்த அவர்களைக் காப்பாற்றியது எந்த இயந்திரமும் அன்று. கைல்ஸ் மெக்ரெல் என்ற தேயிலைத் தோட்டக்காரர் யானைகளோடு அங்கே வந்தார். 1942 ஜூன் மாதம், ஆற்று நடுவே ஒரு திட்டில் அகப்பட்டிருந்த அறுபதுக்கும் மேற்பட்டவர்களை யானைகள் கரை சேர்த்தன. வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது யானையாலும் இறங்க முடியவில்லை. விடியற்காலையில் தண்ணீர் சற்று வடிந்த நேரம் பார்த்துப் பாகர்கள் யானைகளை இறக்கினார்கள். செப்டம்பர் வரை நடந்த அந்தப் பணியில் சுமார் 200 பேர் உயிர் பிழைத்தார்கள்.

யானைக்கு எரிபொருள் காட்டு மூங்கிலும் இலைதழையும். சேற்றில் கால் புதைந்தாலும் எடுத்துவிடும். ஆனால் அது பாகனுக்குத்தான் கட்டுப்படும். பாகன் இல்லாத யானை, மெக்கானிக் இல்லாத லோரியைவிட ஆபத்தானது. எந்த வாகனமானாலும் அதை அறிந்த ஆள் உடனிருக்க வேண்டும் என்பது இதில் அடங்கிய பாடம்.

அப்படியானால் ஜீப்பை ஏன் எல்லோரும் புகழ்கிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம், கரடுமுரடான நிலத்தில் ஓடக்கூடிய ஒரு சிறிய வண்டி வேண்டும் என்று 135 நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. குறுகிய கெடு. பாண்டம் என்ற சிறிய நிறுவனம் செப்டம்பர் 23ஆம் தேதி முதல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் போர் முடிவதற்குள் 6 இலட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து குவித்தன.

அதன் சூட்சுமம் என்ன? சாதாரண வண்டியில் அக்காலத்தில் பின்சக்கரம் இரண்டு மட்டுமே தள்ளும். அவை சேற்றில் சுழன்றால் வண்டி நின்றுவிடும். ஜீப்பில் நான்கு சக்கரங்களும் இழுக்கும். இரண்டு வழுக்கினாலும் மற்ற இரண்டு பிடித்துக்கொள்ளும். மெதுவாக, ஆனால் மிகுந்த பலத்தோடு இழுக்கத் தனிக் கியர் உண்டு. அடிப்பாகம் தரையிலிருந்து உயர்ந்திருப்பதால் கல்லிலும் கட்டையிலும் தட்டாது. எடை குறைவு, சிக்கினால் நாலைந்து பேர் சேர்ந்து தூக்கித் தள்ளிவிடலாம். எல்லா ஜீப்பும் ஒரே மாதிரி என்பதால், உடைந்துபோன ஒன்றின் சாமானை மற்றொன்றுக்கு மாட்டலாம். இதே வழியில்தான் 1948இல் இங்கிலாந்தில் லேண்ட் ரோவர் பிறந்தது. அவசரகாலத்தில் நம் நாட்டுத் தோட்டத்துச் செம்மண் சாலைகளில் அது ஓடியதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

இவ்வளவு சிறந்த ஜீப்பும் பர்மாவில் ஒற்றையடிப் பாதையோடு நின்றுவிட்டது. அங்கே ஜீப் ஓட வேண்டும் என்றால் முதலில் பாதை வெட்ட வேண்டியிருந்தது. லெடோவிலிருந்து சீனா வரை அந்தப் பாதையை வெட்டி முடிக்க 1942 இறுதியிலிருந்து 1945 தொடக்கம் வரை ஆயிற்று. ஆயிரக்கணக்கானோர் உழைத்தார்கள், உயிர்ப்பலியும் நிறைய. ஜீப் போக முடியாத இடத்தில், 1944இலும் கோவேறு கழுதைகளே சுமை தூக்கின.

நேயர்களே, போர் முடிந்து நெடுங்காலம் ஆயிற்று. ஆனால் ஆபத்து நம்மை விட்டுப் போகவில்லை. நம் நாட்டில் அது வெள்ளமாக வருகிறது. 2014 டிசம்பரில் கிளந்தானிலும் அண்டை மாநிலங்களிலும் 2 இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2021 டிசம்பரில் ஷா ஆலம் நகரத்துத் தாமான் ஸ்ரீ மூடாவில் நல்ல தார்ச்சாலை இருந்தது. வீட்டுக்கு வீடு கார் இருந்தது. தண்ணீர் ஏறியபோது கார்கள் மூழ்கின. மக்கள் மாடியிலும் கூரையிலும் காத்திருந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தவை படகுகள். அவற்றில் பல, பொதுமக்களே கொண்டுவந்தவை.

ஆகவே சரித்திரம் தரும் பாடத்தை நம் தோட்டத்துக்கும் கம்பத்துக்கும் பொருத்திப் பார்ப்போம். மழைக்காலத்துக்கு முன்பே நான்கு கேள்விகளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

ஒன்று, நம் பாதை எங்கே முதலில் அறுபடும்? தோட்டத்து மரப்பாலமா, பள்ளத்தில் இருக்கும் மதகா? அது தெரிந்தால்தான் எந்த வாகனம் உதவும் என்பது தெரியும். ஓடும் தண்ணீர் ஏறத்தாழ 30 செண்டிமீட்டர் உயர்ந்தாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கும். 60 செண்டிமீட்டர் வெள்ளம் பெரிய வண்டியையும் அடித்துக்கொண்டு போகும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானாலும், மிதக்கத் தொடங்கிவிட்டால் அந்தச் சக்கரங்களால் பயனில்லை.

இரண்டு, வண்டிக்கு எண்ணெய் இருக்கிறதா? மழை கொட்டும் இரவில் எண்ணெய்க் கடை திறந்திருக்காது. கால் டாங்கி எண்ணெயோடு நிற்கும் பெரிய வண்டியைவிட, முழு டாங்கியோடு நிற்கும் சிறிய மோட்டார் சைக்கிள் மேல்.

மூன்று, கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்? ஓட்டுவதற்கும் ஒட்டுப்போடுவதற்கும் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். ஆபத்து, வீட்டுக்காரர் வேலையிலிருந்து திரும்பும் வரை காத்திருக்காது.

நான்கு, யாருக்கு இடம்? இதுதான் மிக முக்கியமானது. தோட்டத்தில் ஒரு லோரிதான் இருக்கிறது என்றால், நடக்க முடியாத பாட்டி, பிள்ளை பெற்ற தாய், படுத்த படுக்கையாக இருப்பவர் ஆகியோர் யார் யார் என்று முன்கூட்டியே பெயர் எழுதி வையுங்கள். பினாங்கிலும் பர்மாவிலும் இடம் செல்வாக்கைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. நம் தோட்டத்தில் தேவையைப் பார்த்துக் கொடுக்கப்படட்டும். நடக்கக்கூடியவர்கள், தண்ணீர் ஏறுவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்திலேயே, மேட்டுக்குப் போய்விடட்டும்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஆபத்துக்கு ஏற்ற வண்டி என்று ஒன்றைத் தனியே சொல்ல முடியாது. தார்ச்சாலையும் தோட்டப் பாதையும் உள்ள மலாயாவில் சைக்கிள் லோரியை வென்றது. டாபா ஆற்றில் யானை உதவியது. உயூ ஆற்றில் மூங்கில் தெப்பம் உதவியது. ஷா ஆலத்தில் படகு உதவியது. பாதையைத் தெரிந்துகொண்டவர்களும், நேரத்தோடு புறப்பட்டவர்களும், உணவைப் பங்கிட்டு ஒன்றாகப் போனவர்களும் அதிகம் பிழைத்தார்கள். இந்த மூன்றையும் நாம் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இந்த மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.